அன்னாசி சொன்ன ஓம்

லண்டன் லூயிஷாமில் ஓம் சொல்லும் கிளி ஒன்று இருப்பதாக உங்களுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். பதினொரு விநாடி. மஞ்சள் நெஞ்சும் சிவந்த வயிறுமாக ஒரு சின்னக் கிளி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு "ஓம்... ஓம்..." என்கிறது. பின்னணியில் யாரோ புண்ணியவான் புல்லாங்குழல் சேர்த்திருக்கிறார். பார்த்தீர்கள், கும்பிடும் கை ஒன்றைப் போட்டீர்கள், பத்துப் பேருக்கு அனுப்பினீர்கள். அனுப்பாதவர்கள் கையைத் தூக்கலாம். ஒருவரும் தூக்கமாட்டீர்கள், தெரியும்.

அந்தக் கிளியின் பெயர் அன்னாசி. அதை வளர்ப்பவர் இம்மாகுலேற். மன்னார்க்காரி, கத்தோலிக்கர், வயது ஐம்பத்தெட்டு. மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் கட்டில் விரிப்பு மடிக்கிறார். லூயிஷாம் சந்தையிலிருந்து ஐந்து நிமிட நடையில், முதலாம் மாடியில், கவுன்சில் கொடுத்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறார். நீங்கள் கும்பிட்டு அனுப்பிய பதினொரு விநாடியால் அந்தக் கிளி சாகப் பார்த்தது. அதை ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை. அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

அன்னாசி கொன்யூர் இனம். ஒரு சாண் நீளம், அதில் பாதி வால். மூதாதையர் தென்னமெரிக்கக் காட்டுக்காரர். அன்னாசி பிறந்ததோ கென்டில், ஒரு வெள்ளைக்காரரின் பின்வளவுக் கூண்டில். இந்த நிறக் கிளிகளுக்குக் கிளி வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் பைனாப்பிள். இம்மாகுலேற் அதைத் தமிழாக்கினார், அவ்வளவுதான். பங்குக் கோயிலில் சிலர் இது புனித அன்னம்மாவின் செல்லப் பெயர் என்று நினைத்துச் சந்தோசப்பட்டார்கள். பழம் என்று தெரிந்ததும் முகம் வாடினார்கள்.

கிளியை வாங்கியது இம்மாகுலேற் அல்ல. மகன் டெனுசன். கொரோனா வந்து ஊர் பூட்டிக் கிடந்த காலத்தில் அவனுக்குத் தனிமை பொறுக்கவில்லை. ஊர் திறந்ததும் கிளி பொறுக்கவில்லை. மில்ரன் கீன்ஸிலிருந்து கூண்டோடு காரில் வந்து இறங்கினான்.

"அம்மா, ஜஸ்ட் ஒரு மாசம் வைச்சிருங்கோ."

"ஓம்," என்றார் இம்மாகுலேற்.

அந்த மாதம் நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் கிழமை அன்னாசி அவருடைய ஆட்காட்டி விரலைக் கடித்து இரத்தம் எடுத்தது. இரண்டாம் கிழமை மேற்சட்டையின் பொத்தான் எல்லாவற்றையும் பிடுங்கியது. மூன்றாம் கிழமை கைக்குள் புகுந்து, முழங்கையடியில் சுருண்டு தூங்கியது. வேலைக்கூடத்தில் ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு மடித்து மரத்துப்போன கை அது. அந்தக் கைக்குள் கோழிக்குஞ்சளவு சூடு ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. அதன்பிறகு இம்மாகுலேற் டெனுசனிடம் கிளியை எப்போது எடுக்கிறாய் என்று கேட்கவில்லை. முளைத்த பயறு, மாதுளை, சிவத்த குடமிளகாய் என்று அதற்குத் தனிச் சமையல். பச்சை மிளகாயைக் கொடுத்தால் விதையோடு மென்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும். காரம் தெரியாத பிறவி.

தெரிந்ததெல்லாம் புகை. அதுதான் இந்தக் கதையின் முக்கால்வாசி, கவனமாகக் கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் டெனுசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். முட்டை பொரிக்க நொன்ஸ்ரிக் தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தான். போனில் என்ன இருந்ததோ, தாச்சி காய்ந்து புகைந்தது. மனிதருக்கு லேசான நெடி. கூண்டுக்குள் அன்னாசி வாயைத் திறந்து, வால் மேலும் கீழும் அடிக்க, பலகையில் விழுந்து கிடந்தது. இம்மாகுலேற் அதைத் தோளில் போட்டிருந்த துவாயில் சுற்றிக்கொண்டு செருப்பில்லாமல் மினிகாப்பில் ஏறினார். பறவை வைத்தியர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பிராணவாயு விட்டு இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "இதன் நெஞ்சு ஒரு தடவை தப்பிவிட்டது. இன்னொரு புகையைத் தாங்காது. ஊதுபத்தி, மெழுகுதிரி, எதுவும்."

அன்றே நொன்ஸ்ரிக் சட்டி எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போயின. மாதா படத்துக்கு முன்னால் பற்றரியில் எரியும் மெழுகுதிரி வந்தது. அதைப் பார்த்துவிட்டு, விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று பங்கில் மூன்று பேர் கவலைப்பட்டார்கள். மூன்று பேரும் அவர் சுட்ட ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே கவலைப்பட்டார்கள்.

ரோல்ஸ் கதைக்கு வருகிறேன். அதற்கு முதல் ஓம்.

யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் ஓம் என்பது ஆமாம். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அது ஆமாம் மட்டும் இல்லை என்பது. எதிரில் ஒருவர் பேசும்போது இடையிடையே ஓம், ஓம் என்றால், கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்று அர்த்தம். ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை. பேசுகிறவரைச் சும்மா பேசவிட்டு மரம்மாதிரி இருப்பது மரியாதைக் குறைவு. இம்மாகுலேற் மரியாதை தெரிந்த பெண். அந்த மரியாதைக்கு அவர் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

இருபத்தாறு வயதில் லண்டன் வந்து அகதி விண்ணப்பம் போட்டார். விசாரணை அறையில் அதிகாரி நீளமாக ஒரு வசனம் சொன்னார். உங்களுக்கு ஊரில் உண்மையான ஆபத்து இல்லை, வசதி தேடித்தான் வந்தீர்கள் என்று நாங்கள் நினைக்கிறோம், என்பது அதன் சாரம். மொழிபெயர்ப்பாளர் அதைத் துண்டு துண்டாகத் தமிழில் சொல்லச் சொல்ல, இம்மாகுலேற் ஒவ்வொரு துண்டுக்கும் மரியாதையாக "ஓம்... ஓம்..." என்றார். முடியட்டும், பிறகு என் பதிலைச் சொல்வோம் என்று காத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு ஓமையும் 'யெஸ்' என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். கடைசி ஓமோடு கோப்பு மூடப்பட்டது. அதைத் திரும்பத் திறப்பிக்க ஆறு வருடம் போனது. ஓம் என்று சொன்னீர்கள்தானே என்று ஆறு வருடமும் கேட்டார்கள்.

ஒருவர் இதற்குப் பிறகாவது அந்தச் சொல்லை விட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். விடவில்லை. சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் ஞாயிறு வேலைக்கு வர முடியுமா என்றால் ஓம். பங்குத் திருவிழாவுக்கு நூற்றைம்பது மீன் ரோல்ஸ் வேண்டுமென்றால் ஓம். தமிழ் மன்றத்து விழாவுக்கு இருநூறு மரக்கறி ரோல்ஸ் வேண்டுமென்றால் அதற்கும் ஓம். வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். மாவு பிசைந்த கையோடு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் சொல்வதெல்லாம் ஒன்றே: "ஓம் ஓம்... சரி... வையுங்கோ."

அன்னாசி நாலு வருடம் கேட்டது. கொன்யூருக்குப் பெரிய பேச்சு வராது. கரகரவென்று ஒன்றிரண்டு சொல் வந்தால் பெரிய காரியம். அதற்கு வந்தது இதுதான்: "ஓம் ஓம்... சரி... வையுங்கோ." அதே தொனி, அதே இழுவை, 'சரி'க்கு முன்னால் அதே சின்னப் பெருமூச்சு.

டெனுசன் இதை வீடியோ எடுத்து வேலையிடத்துக் குழுவில் போட்டான். அங்கே விஷால் என்றொரு பையன் இருந்தான். கோயம்புத்தூர், இப்போது ஈஸ்ட் ஹாம். விஷால் பிறந்ததிலிருந்து ஆமா சொல்பவன். ஓம் என்றால் அவனுக்கு ஒரே ஓம்தான் தெரியும்.

"டேய் டெனு, உங்க அம்மா வீட்டுக் கிளி மந்திரம் சொல்லுதுடா! நெசமாவா?"

டெனுசன் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டான். விளக்கவில்லை. விளக்க ஒரு வசனம் போதும், அந்த ஒரு வசனத்துக்கு அவனுக்கு நேரமில்லை. விஷால் 'சரி'க்கு முன்னால் வெட்டினான், புல்லாங்குழல் சேர்த்தான், தன் அம்மாவுக்கு அனுப்பினான்.

விஷாலைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பாவம், தெரியாதவன். என் வயிறு எரிவது மற்றவர்களை நினைத்து. வீடியோ கோயம்புத்தூர் போய், சென்னை போய், சிங்கப்பூர் போய், நாலாம் நாள் லூயிஷாமுக்குத் திரும்பி வந்தது. இங்கே வந்து விழுந்தது எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு திரியும் சனத்தின் கையில். ஒரே ஒருவராவது, அட, இது நம்முடைய ஓம் அல்லவா, நான் காலையில் கடைக்காரனுக்குச் சொன்ன ஓம் அல்லவா என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. வெளியூர் போய்த் திரும்பி வந்த ஓம் அல்லவா. தன் வாயில் இருக்கும்வரை வெறும் எச்சில், வாட்ஸப்பில் வந்தால் ஞானம்.

குலசேகரம் இம்மாகுலேற்றுக்குப் போன் எடுத்தார். மரக்கறிக் கடை முதலாளி. தமிழ் ஒளி மன்றத்தின் தலைவர். தலைவர் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடாதபடி பார்த்துக்கொள்வதில் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவர்.

"அக்கா, குலசேகரம் கதைக்கிறன்."

"ஓம்."

"உங்கட கிளியைப் பற்றித்தான்."

"ஓம்."

"வாற சனிக்கிழமை எங்கட ஒளி விழா. கிளியை மேடையில வைக்கிறதெண்டு கொமிட்டி முடிவெடுத்திருக்கு."

"ஓம்..."

"ஹோமம் முடிய, தீபாராதனைக்கு முன்னால ஒரு பத்து நிமிசம்."

"ஓம்... ஆனா தம்பி, இந்தக் கிளிக்கு—"

"சந்தோசமக்கா. நானே வந்து ஏத்துறன்."

வைத்துவிட்டார். ஆனா என்ற சொல் லூயிஷாமிலேயே நின்றுவிட்டது. இம்மாகுலேற் மாவுக் கையோடு போனைப் பார்த்தார். ஹோமம். மூடிய மண்டபம். நெய், சமித்து, சாம்பிராணி, முன்னூறு பேர்.

திரும்பக் குலசேகரத்துக்கு எடுத்தார். "தம்பி, அதுக்குப் புகை ஆகாது. டொக்டர் சொன்னவர்."

"ஓரமாத்தான் வைப்பம் அக்கா. புகை மேலதானே போகும்."

"மண்டபத்தில புகை அலாரம் இருக்குமே?"

"அதுக்கு ஆள் இருக்கு. ஷவர் தொப்பி போட்டு மூடிப்போடுவம். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான்."

"தம்பி, நான் ஓம் எண்டது, கேக்கிறன் எண்டதுக்கு. தாறன் எண்டதுக்கில்லை."

"ஓம் எண்டா ஓம்தானே அக்கா," என்றார் குலசேகரம். "போஸ்டரும் அடிச்சாச்சு."

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் இதையே ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற சாட்டாவது இருந்தது. இம்மாகுலேற்றுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருடைய வாய்க்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை. "பாப்பம் தம்பி," என்றது. எங்கள் ஊரில் பாப்பம் என்றால் நடக்காது. அதுவும் குலசேகரத்துக்குத் தெரியும். தெரியாதவர்போல் நன்றி சொல்லி வைத்தார்.

டெனுசனிடம் சொன்னார். "டென் மினிட்ஸ்தானே அம்மா. பெரிய விசயமாக்காதேங்கோ. இட்ஸ் நைஸ் ஃபோர் த கொமியூனிட்டி," என்றான் அவன். தாச்சியைக் கருக்கியவன்.

போஸ்டர் வியாழக்கிழமை வந்தது. நடுவில் அன்னாசி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். 'பிரணவம் ஓதும் அதிசயக் கிளி, நேரில் தரிசிக்க வாரீர்.' கீழே, உபயம்: திருமதி இமாகுலேஸ்வரி.

இம்மாகுலேற், இமாகுலேஸ்வரி ஆகிவிட்டார். ஞானஸ்நானம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இது யாரும் கேள்விப்படாத ஞானஸ்நானம். ஆளைக் கேட்காமல் கிளியை எடுத்தவர்கள் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ரோல்ஸ் கேட்கும்போது மட்டும் பெயரைத் தெளிவாக உச்சரிப்பார்கள்.

போஸ்டர் பங்குக்கும் போனது. செபமாலைமுத்து போன் எடுத்தார். செபக்குழுத் தலைவர், எழுபது வயது, பிறருடைய ஆன்மாவைப் பற்றி அவருக்கு நித்திரை வராத வியாதி.

"தங்கச்சி, பேரையும் மாத்திப்போட்டீரே?"

"நான் மாத்தேல்லை அண்ணை. அவையள் அடிச்சது."

"ஓம் ஓம், அப்படித்தான் துவங்கும். இஞ்ச பாரும், பங்கில கதைக்கினம். அந்தக் கிளியை ஆருக்கும் குடுத்துப்போடும். இல்லாட்டி ஆமென் பழக்கும். ஃபாதரும் கேட்டவர்."

"ஃபாதர் என்ன கேட்டவர்?"

"கிளி என்ன தின்னும் எண்டு."

"அதில என்ன அண்ணை பிழை?"

"கேட்ட விதம் எனக்கு விளங்கினது."

இந்த உரையாடலில் செபமாலைமுத்து எத்தனை ஓம் சொன்னார் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அவரும் எண்ணவில்லை. ஒருவருக்குக் கிளி தெய்வம், மற்றவருக்குக் கிளி பாவம். அது மூச்சு விடும் ஒரு சீவன் என்று இரண்டு தலைவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிட்டுக்குருவி அளவு நெஞ்சுக்குள் எவ்வளவு மதச் சண்டையை ஏற்றலாம் என்று பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மணி அடித்தது. குலசேகரம் பட்டு வேட்டியோடு வாசலில் நின்றார். கையில் புதுக் கூண்டு. பொன்னிறம் அடித்திருந்தார்கள். அடித்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, மை நெடி படியேறி முன்னால் வந்தது.

"அக்கா, ரெடிதானே?"

இம்மாகுலேற் வாசலை மறித்து நின்றார். "கூண்டை வெளியில வையுங்கோ தம்பி. மணக்குது."

"தங்கக் கூண்டக்கா!"

குலசேகரத்துக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். செபமாலைமுத்து. ஒரு கையில் செபமாலை, மறு கையில் தீர்த்தப் போத்தல். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கோபத்தில் பாதி அதனால்.

"நில்லும்! இந்தக் கிளி பங்குப் பிள்ளையின்ர வீட்டுக் கிளி. மேடை கீடை ஏறாது."

"ஐயா, நீங்கள் இதில தலையிடாதேங்கோ. கிளிக்குச் சமயமில்லை."

"ஓம், அதைத்தானே நானும் சொல்லுறன்!"

"பாத்தியளே, நீங்களே ஓம் எண்டு சொல்லுறியள்!"

"நான் சொன்னது எங்கட ஓம்!"

"அதென்ன உங்கட ஓம், எங்கட ஓம்? ஓம் ஒண்டுதான் ஐயா, அது பிரணவம்."

"அப்ப நீர் கடையில வெண்டிக்காய் நல்லதோ எண்டு கேட்டா ஓம் எண்டுறீரே, அதுவும் பிரணவமோ?"

இருபத்தைந்து வருட மரக்கறி வியாபாரத்தில் குலசேகரத்திடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "அது வேற ஓம்!" என்றார்.

அந்த நேரம் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. கரகரத்த, இழுத்த, களைத்த குரல்.

"ஓம் ஓம்... சரி... வையுங்கோ."

குலசேகரம் வீடியோவில் பாதியைத்தான் கேட்டிருந்தார். மற்றப் பாதி இப்போது வந்தது. பிரணவத்துக்குப் பின்னால் 'சரி, வையுங்கோ' என்று எந்த மந்திரத்திலும் இல்லை.

இம்மாகுலேற் வேறொன்றைக் கேட்டார். சரிக்கு முன்னால் வந்த அந்தப் பெருமூச்சு. தினமும் கேட்டதுதான், சிரித்ததுதான். இன்று இந்த இரண்டு ஆண்களுக்கும் நடுவில் நின்று கேட்டபோது சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டில் நாலு வருடமாக ஒரு பெண் இப்படியா பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்? ஒரு பறவைக்கு மனப்பாடம் ஆகுமளவுக்கா?

"ஏலாது," என்றார்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், முடியாது என்பது அவர் வாயில் பழக்கமில்லாத சொல், பிடிபட்டிருக்காது. குலசேகரம் ஏற்கெனவே ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். "அக்கா, தமிழ் ரீவிக்காரரும் வருகினம். பத்தே பத்து நிமிசம்—"

"ஏலாது!"

இந்த முறை எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"தம்பி, காலை எடுங்கோ. பத்து நிமிசத்தில அது செத்துப்போகும். நான் போனில சொன்னனான். உங்களுக்குக் கேட்டது. அலாரத்துக்குத் தொப்பி போட ஆள் வைச்சிருக்கிறியள், இதின்ர மூக்குக்கு என்ன போடுவியள்?"

"அக்கா, நீங்கள் ஓம் எண்டனீங்கள்..."

"ஓம் எண்டனான்! ஆயுசு முழுக்க ஓம் எண்டனான். உங்களுக்கு இருநூறு ரோல்ஸ் ஓம். இவருக்கு நூற்றைம்பது ரோல்ஸ் ஓம். என்னைப் பொய்காரி எண்டு எழுதினவனுக்கும் மரியாதைக்கு ஓம் எண்டனான். நான் கேட்டுக்கொண்டிருந்தனான் தம்பி. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. இந்த வீட்டில என்னைக் கேட்டது இது ஒண்டுதான். அதைக் கொண்டுபோய்ப் புகைக்க நான் விடமாட்டன்."

செபமாலைமுத்துவின் முகத்தில் வெற்றி தெரிந்தது. "சரியாச் சொன்னீர் தங்கச்சி. அப்ப இனி ஆமென்—"

"அண்ணை, உங்களுக்கும் ஏலாது."

"நான் என்ன கேட்டனான்?"

"கேக்கப்போறியள். அதுக்கும் சேர்த்து ஏலாது. அது பிரணவமுமில்லை, பாவமுமில்லை. அது நான். என்ர குரல். அதுக்கு மேல ஒரு சொட்டுத் தீர்த்தமும் தெளிக்கப்படாது, தண்ணி பட்டா அதுக்குக் குளிரும்."

குலசேகரம் கூண்டைக் கை மாற்றினார். வேட்டியில் பொன்மை ஒட்டியிருந்தது, இன்னும் கவனிக்கவில்லை. "அப்ப வாற முன்னூறு பேருக்கு நான் என்ன சொல்லுறது?"

"மேடையில நீங்களே ஏறி நில்லுங்கோ. உங்களுக்கும் ஓம் சொல்லத் தெரியும்தானே."

செபமாலைமுத்து சிரித்துவிட்டார். சிரித்தபின் தொண்டையைச் செருமி, குரலைத் தாழ்த்தி, உலகத்திலேயே மிகச் சாதாரணமான கேள்வி ஒன்றைக் கேட்பவர்போல் கேட்டார்:

"தங்கச்சி, அப்ப நாளைக்குப் பங்குக்கு ரோல்ஸ்...?"

கதவு மூடியது. படியில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கும் சத்தம் கேட்டது. என்ன பேசினார்கள் என்று தெரியாது. எதிர்வீட்டுப் பெண்மணி சொன்னது, மாறி மாறி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு போனார்களாம். என்ன சொல் என்று நீங்களே யோசியுங்கள்.

விழா நன்றாகவே நடந்தது. திரையில் வீடியோவைப் போட்டார்கள், பதினொரு விநாடியைத் திரும்பத் திரும்ப, கால் மணித்தியாலம். போனவர்களில் பாதிப் பேர் கிளியை நேரில் பார்த்ததாக இப்போதும் சொல்கிறார்கள். அதன் கண்ணில் ஒரு தேஜஸ் இருந்ததாம். பங்கிலோ, இம்மாகுலேற் அகங்காரம் பிடித்துவிட்டார் என்று செபக்குழு அவருக்காக விசேசமாகச் செபிக்கிறது. ரோல்ஸுக்குக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வெறும் உருளைக்கிழங்காம்.

இம்மாகுலேற் வீட்டில் போன் குறைந்திருக்கிறது. அந்த அமைதி முதல் கிழமை அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது, இத்தனை பேரும் இதற்குத்தானா எடுத்தார்கள் என்று. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம், நன்றாக இருக்கிறது. சலவைக்கூடத்திலிருந்து வந்து, அன்னாசியைக் கைக்குள் விட்டுக்கொண்டு, அதற்கு ஏலாது சொல்லிக் கொடுக்கிறார். ஏ-லா-து. அன்னாசி தலையைச் சரித்துக் கேட்கும். மூக்கால் பொத்தானைத் தட்டும். "ஓம்," என்னும். அதற்கு இன்னும் வரவில்லை. நாலரை வயதுதானே. அவருக்கு வர ஐம்பத்தெட்டு எடுத்தது.

போன கிழமை டெனுசன் போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இம்மாகுலேற் மாதுளை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சின்ன ஹெல்ப். நாங்கள் டுபாய் போறம், டூ வீக்ஸ். டோக்கை உங்களிட்ட விட்டிட்டுப் போகலாமா? குட்டி நாய்தான்."

அவர் வாயைத் திறக்குமுன் கைக்குள்ளிருந்து பதில் போனது.

"ஓம் ஓம்... சரி..."

"தாங்ஸ் அம்மா! யூ ஆர் த பெஸ்ட். சண்டே கொண்டுவாறன்."

"டேய், நில். அது கிளி. நான் இன்னும் வாய் திறக்கேல்லை."

மறுபக்கம் சிரித்தான். "ஓகே ஓகே. அப்ப நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"ஏலாது."

சிரிப்பு நின்றது. "அம்மா, ஜஸ்ட் டூ வீக்ஸ்தானே... அம்மா? ஏன் கோபமா இருக்கிறியள்? ஹலோ?"

அன்னாசி முழங்கையடியிலிருந்து தலையை வெளியே நீட்டிப் போனைப் பார்த்தது.

"வையுங்கோ," என்றது.

இம்மாகுலேற் வைத்தார்.